கோயில் மாட்டுக்கு ஒரு வாக்கியம்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவருக்கு முதலில் வர வேண்டிய திறமை, வாயை மூடிக்கொண்டு இருப்பது. பக்கவாதம் வந்த ஒருவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது, அதை நாமே எடுத்துக் கொடுத்துவிட வாய் துடிக்கும். வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மற்றவர்களுக்காகக் கருப்பையாவின் கதையைச் சொல்கிறேன்.

இலுப்பூர்ப் பக்கத்துக்காரர். ஆட்டு வியாபாரி. தை, மாசி வந்துவிட்டால் ஜல்லிக்கட்டுத் திடல்களில் மைக் பிடித்து வர்ணனை சொல்வார். அவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் சிக்கிக்கொண்டது. நாம் பேசுவதெல்லாம் புரியும். சொல்ல வேண்டியதும் மனதில் இருக்கும். சொல்தான் வெளியே வராது.

அவர் ஊரில் வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் மாடு. அதை யாரும் பிடிக்கக் கூடாது. "கோயில் மாடு வருது, யாரும் தொடாதீங்க" என்று அறிவிப்பது பல வருடங்களாக அவருடைய உரிமை. இந்த மாசியில் அந்த ஒரு வாக்கியத்தையாவது அவர் சொன்னால் சொல்லட்டும், முடியாவிட்டால் வேறு ஆள் என்று விழாக் கமிட்டி முடிவு செய்திருந்தது. அந்த வாக்கியத்துக்காகத்தான் என்னிடம் வந்தார்.

படத்தில் இருந்த மாடு

முதல் நாள் ஆஸ்பத்திரி அறையில் மாட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "அண்டா" என்றார். நாற்காலிக்கும் அண்டா, வாழைப்பழத்துக்கும் அண்டா. தப்பு என்று அவருக்கே தெரிந்தது, நெற்றியில் அடித்துக்கொண்டார். படம் காட்டிப் பாடம் நடத்தியதால் அன்றிலிருந்து நான் அவர்களுக்கு டீச்சர் ஆனேன்.

அவர் மனைவி பழனியம்மாள் விளக்கம் சொன்னார்: "ஜெயிச்ச மாட்டுக்கு அண்டா, புடிச்ச ஆளுக்கு அண்டான்னு மைக்குல கத்துன வாயி, டீச்சர். அது மட்டும் வாயில ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்குது."

வசம்பு

பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளின் நாக்கில் வசம்பை உரசித் தடவுவது நம் ஊர் வழக்கம். பழனியம்மாள் அதை ஐம்பத்தைந்து வயதுக் கணவருக்குச் செய்திருந்தார். கோளாறு மூளையில் இருக்கிறது, நாக்கில் இல்லை, வசம்பு அவ்வளவு தூரம் போகாது என்று படம் வரைந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அவர்கள் உள்ளே வரும்போதே வசம்பு வாசனையும் வந்தது. "மறுபடியுமா?" என்று கேட்டேன். பழனியம்மாள் வாய் திறப்பதற்குள், முகத்தைச் சுளித்துக்கொண்டு கருப்பையா தெளிவாகச் சொன்னார், "கசக்குது." அண்டாவைத் தாண்டி அவர் சொன்ன முதல் சொல். அதுவும் சரியான சொல். எனக்குச் சந்தோஷத்தில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பழனியம்மாளுக்குத் தெரிந்தது.

"மருந்து கேட்டுருச்சுல்ல, டீச்சர்?"

டீக்கடைப் பரீட்சை

சொற்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியதும் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். அறைக்கு வெளியேயும் சொற்கள் வர வேண்டும் அல்லவா? ஆனால் அன்பான ஊரில் இந்தப் பயிற்சி கஷ்டம். அவர் கையைத் தூக்குவதற்குள் டீ வந்துவிடும். அதனால், அவராகக் கேட்கும்வரை டீ போடக் கூடாது என்று டீ மாஸ்டரிடம் சொல்லி வைத்தேன்.

கருப்பையா தேடினார். பெஞ்சில் இருந்தவர்களால் பொறுக்க முடியவில்லை. "டீன்னு சொல்லுங்கண்ணே" என்றார் ஒருவர். "காபியா இருக்கும்" என்றார் இன்னொருவர். நான் எல்லோரையும் முறைத்தேன். கடைசியில் கருப்பையா மூச்சை இழுத்து, "டீ... சீனி கம்மி" என்றார். கடையே கைதட்டியது. மாஸ்டர் மட்டும் டம்ளரும் கையுமாக நின்றார்.

"இத்தன வருசமா அள்ளி அள்ளிப் போட்டேனே. நல்லா பேசிக்கிட்டிருந்த காலத்துல இதச் சொல்லப்படாதா, மாமா?"

கொட்டடியில் வகுப்பு

இரண்டு சொல் வந்தது; வாக்கியம் வரவில்லை. நான் எதிரில் உட்கார்ந்தாலே பரீட்சைக்கு வந்த மாதிரி முகம் மாறிவிடும். ஒருநாள் அவருடைய நண்பர் ஆரோக்கியசாமி போன் செய்தார். "அண்ணன் எங்க மாட்டுக்கிட்ட என்னமோ பேசுறாரு. சத்தம் போடாம இங்கிட்டு வந்து பாருங்க" என்றார்.

அவருடைய மாட்டுக் கொட்டடிக்குப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். கருப்பையா காளையின் கழுத்தைச் சொறிந்தபடி, "தண்ணி குடி... வெயிலு... குடிடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காளை காதை அவர் பக்கம் திருப்பியிருந்தது. அது அவசரப்படுத்தவில்லை, திருத்தவில்லை, பாவம் என்று பார்க்கவில்லை. நான் படித்ததையெல்லாம் அது படிக்காமலே செய்துகொண்டிருந்தது. வகுப்பைக் கொட்டடிக்கு மாற்றினேன். "கோயில் மாடு வருது" என்பதை முதலில் கேட்டது அந்தக் காளைதான். இதில் சாமி குத்தம் ஏதும் வருமோ என்று பழனியம்மாள் யோசித்தார். கிறிஸ்தவரான ஆரோக்கியசாமி சமாதானம் சொன்னார்.

"எங்கது வேதக்கார வீட்டு மாடுதான், மதினி. அண்ணனுக்காக ஒரு மாசம் கோயில் மாடா இருந்துட்டுப் போகட்டும்."

திடலில்

ஜல்லிக்கட்டு அன்று கருப்பையா மேடையேறினார். வேறு ஊர் வர்ணனையாளர் தயாராகப் பக்கத்தில் நின்றார். நான் மேடைக்குக் கீழே இருந்தேன். வாடிவாசல் திறந்து கோயில் மாடு வந்தது. "கோயில் மாடு வருது" என்றார் கருப்பையா. குரல் கணீரென்று இருந்தது. அப்புறம் நின்றுபோனது. 'யாரும் தொடாதீங்க' வரவில்லை. பழனியம்மாள் என் கையைப் பிடித்து நெரித்தார். பக்கத்து ஆள் மைக்குக்குக் கை நீட்டினார். கருப்பையா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, மாட்டையே பார்த்தபடி சொன்னார்: "சாமி நடந்து போகுது. வழி விடுங்க, தம்பிகளா."

மாடுபிடி வீரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். மாடு நிதானமாக நடந்து போனது. நாங்கள் ஒருநாளும் பழகாத வாக்கியம் அது. கீழே இறங்கி வந்தவர் என்னிடம் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"பாடம்... மறந்துபோச்சு, டீச்சர். நானாச் சொல்லிட்டேன்."

சொல்லிக்கொடுத்ததை ஆள் மறந்துவிட்டாரே என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறுகிற தொழில் எங்களுடையது ஒன்றுதான்.