தோற்றவர் வீட்டில் டீ கேட்ட எஸ்தர்

எஸ்தர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் கன்னியப்பன். எங்கள் ஊராட்சித் தேர்தல்களில் எப்போதும் எதிரணியில் நிற்பவர். அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது அதுவே முதல் முறை. "அண்ணாத்த, எஸ்தரம்மா பூட்டாங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில, காலைல. உனுக்கு நான்தான் சொல்லணும்னு தோணிச்சு" என்றார்.  அடக்கம் எப்போது என்று கேட்டுக்கொண்டேன்.

செய்யூர்ப் பக்கம் எஸ்தரை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தேர்தல் நேரத்தில் ஊர் அடித்துக்கொள்ளாமல் இருக்க, இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி தருவது அவர் வேலை. உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு எனக்கு அஞ்சலி எழுத வராது. ஜெயித்தவர்களின் ஊர்வலம் தோற்றவர் வாசலில் நின்று சரவெடி கொளுத்துவது எங்கள் ஊர் வழக்கம். எஸ்தர் வருவதற்கு முந்தைய தேர்தலில் கன்னியப்பன் ஆட்கள் என் வாசலில் கொளுத்தினார்கள். மாட்டுக் கொட்டகை எரிந்தது. உள்ளே கட்டியிருந்த சினைப்பசுவும் போயிற்று. இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. நானும் மறக்கவில்லை.

அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு என் தங்கை மகள் வளர்மதி நின்றாள். எஸ்தர் இரு தரப்பையும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோர மண்டபம் ஒன்றுக்கு அழைத்திருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நானாகப் படித்து வந்தவன் நான். இன்னொருவர் எனக்குப் பாடம் நடத்துவது பிடிக்காது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இங்க யாரு தோக்கப் போறீங்க? கை தூக்குங்க" என்றார் எஸ்தர்.

ஒரு கையும் எழவில்லை.

"அப்போ எல்லாருமே ஜெயிக்கப் போறீங்க. நல்லது. ஜெயிச்சா எந்தத் தெரு வழியா போவீங்க? இப்பவே பேசிடலாம்."

"ஓட்டே போடல, அதுக்குள்ள ஊர்வலமா? இன்னாம்மா இது, பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே சீமந்தமா?" என்றார் கன்னியப்பன். மண்டபமே சிரித்தது.

"எண்ணி முடிச்சப்புறம் பேசினா ஒரு பக்கத்துக்குக் காது கேக்காது நைனா" என்றார் எஸ்தர்.

யார் ஜெயித்தாலும் ஊர்வலம் எதிராளி தெருவுக்குள் நுழையக் கூடாது, வெடியெல்லாம் ஏரிக்கரையில்தான் என்று முடிவானது. நான் மட்டும் ஒப்பவில்லை. எரிந்த கொட்டகைக்கு முதலில் நியாயம் வேண்டும் என்றேன். எஸ்தர் என்னை வெளியே அழைத்துப் போனார். பொறுமை பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உங்க கோவத்த விடச் சொல்லல, வெச்சுக்குங்க. ஆனா வார்த்தை குடுத்தா மாறாத ஆளு நீங்கதான்னு கன்னியப்பனே சொல்றாரு. நீங்க ஜெயிச்சா, அன்னிக்கு அவரு தெருமுனைல நிக்க எனக்கு அந்த ஆளு வேணும்."

கன்னியப்பன் அப்படிச் சொன்னது வெடியைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வார்த்தை கொடுத்தேன்.

வளர்மதி ஜெயித்தாள். மேளத்தோடு வந்த எங்கள் பையன்கள் கன்னியப்பன் தெருமுனைக்கு வந்ததும் உள்ளே நுழையப் பார்த்தார்கள். நான் குறுக்கே நின்றேன். வளர்மதியின் தம்பி சேகர் கையில் சரவெடியோடு முன்னால் வந்தான்.

"வழிய வுடு மாமா. எரிஞ்சது உன் கொட்டாய்தானே? உனுக்கே ரோசம் இல்லியா?"

"ரோசம் கீறதாலதான்டா நிக்கிறேன். நானும் அவன மாதிரி செஞ்சுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு அவன ஞாயம் கேப்பேன்? ஏரிக்கரைக்கு நட."

முனகிக்கொண்டே திரும்பினார்கள். அன்று ஊரில் எந்தக் கூரையும் எரியவில்லை.

ஆனால் எஸ்தர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஊர்வலம் நடந்தபோது கன்னியப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் நேரிலேயே கேட்டேன். அவர் பதிலை அப்படியே தருகிறேன்: "ஜெயிச்ச வூட்டுக்கு ஊரே வந்துகினு இருக்கும். தோத்த வூட்ல அன்னிக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. சும்மா உக்காந்துகினு யார வெட்டலாம்னு பேசுவாங்க. அதான் போயி டீ கேட்டேன். பாலு வாங்க ஒருத்தன், அடுப்பு பத்த வைக்க ஒருத்தினு எழுந்தாங்க. பேச்சு மாறிடுச்சு."

செங்கல்பட்டில் அவரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்ட வாசலில் கன்னியப்பன் என்னிடம் வந்தார். அடுத்த தேர்தல் நெருங்குகிறது. "இனிமே தோத்த வூட்ல யாரு போய் உக்கார்றது அண்ணாத்த?" என்றார்.

"நீ தோத்தா நான் வர்றேன். நாங்க தோத்தா நீ வா. ஆனா கொட்டாய் விசயம் அப்பிடியேதான் கீது."

"அது தெரியும். டீக்கு சக்கர போடலாமா, கூடாதா?"

"பாதி போடு" என்றேன்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வேலைதான். முடிவு தெரிந்ததும் தோற்றவர் வீட்டுக்குப் போய் டீ கேட்பது. கோபத்தோடே போகலாம். அதற்கு அவர் தடை சொன்னதில்லை.