கட்டி இருந்தால் ரிஜெக்ட்

குமுதா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். உருப்பெருக்கிக்குக் கீழே சில்லு வரும், பார்ப்பார், பிடிக்காவிட்டால் சிவப்புப் புள்ளி ஒட்டுவார். தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தப் புள்ளித் தாள் கட்டு ஒன்றையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் கணவர் சுகுமாரனின் சட்டை, கடையில் வாங்கிய பருப்பு, பக்கத்து வீட்டு முறுக்கு என எதுவும் அந்தப் புள்ளிக்குத் தப்பவில்லை. தப்பியது ஒன்றுதான்: குமுதா தன் கையால் செய்தது.

பிறகு ஓர் ஓவன் வாங்கினார். மாம்பழ மஃபின் செய்யக் காணொளிகள் மூன்று பார்த்தார். மூன்றையும் பாதியில் நிறுத்தினார்.

"மாவு கலக்குறதுக்கு எவளோ வந்து எனக்குச் சொல்லித் தரணுமா லா?"

நிறுத்திய பாதிக்குப் பின்னால்தான் கிரம்பிள் இருந்தது. மஃபின் தலையில் தூவுவது. மாவு, சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் பிசிறி, பட்டாணி அளவுக் கட்டிகளாகும்போது கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டிகள்தான் சூட்டில் மொறுமொறுவென்று நிற்கும். குமுதாவுக்கோ கையில் உதிரும் மாவு என்றால் புட்டு மாவு ஒன்றுதான். அதில் கட்டி நிற்கலாமா? சல்லடையில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்து, ஒரு கட்டி விடாமல் இறக்கினார். ஓவனில் அந்தத் தூள் உருகி, ஈர மணல் காய்ந்ததுபோல் மஃபின் மேல் அப்பிக்கொண்டது.

"பாஸ்," என்றார் குமுதா, தேறிய சில்லுக்குச் சொல்வதுபோல்.

இரண்டு தெரு தள்ளி ஷாஹிரா என்ற இளம்பெண் காப்பிக்கடை வைத்திருந்தாள். பழைய தொழிற்சாலைத் தோழிகள் சனிக்கிழமைகளில் கூடும் இடம். அங்கிருந்த கண்ணாடி அலமாரியில் தன் பெயர் அச்சிட்ட சீட்டோடு மஃபின் இருக்க வேண்டும், தன்னை வேண்டாமென்று அனுப்பிய இடத்தில் இன்னும் வேலை செய்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். குமுதாவுக்கு வேறு ஆசையே இல்லை.

ஷாஹிரா ஒரு வாய் கடித்தாள். "உள்ள நல்லாருக்குக்கா. மேல என்ன, மண்ணு மாதிரி?"

"சலிச்சதும்மா. ஒரு கட்டி இருக்காது."

"கட்டிதான்கா வேணும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ கொண்டாங்க. நல்லா வந்தா தினம் ஒரு டஜன் வைக்கிறேன். இல்லன்னா வேற ஆளு பாத்துக்குறேன், கோச்சுக்காதீங்க."

குமுதா தலையாட்டினார். தெருவுக்கு வந்ததும், "நேத்து பெஞ்ச மழையில மொளச்ச காளான்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பழம் நறுக்கும் வேலையைத் தான் வைத்துக்கொண்டு, கிரம்பிளைச் சுகுமாரனிடம் தள்ளினார். சுகுமாரன் எந்த வேலையையும் முக்கால்வாசியில் விடுகிறவர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயை இரண்டு விரலால் நான்கு நிமிடம் பிசிறினார், அலுத்தது, விட்டுவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சரியான கிரம்பிள் உருவானது. செய்தவருக்கே அது தெரியாது.

குமுதா அதை முதல் மஃபினில் தூவிப் பார்த்தார். கட்டி கட்டியாக நின்றது.

"என்னங்க இது, ரோடு போட ஜல்லி கொட்டுன மாதிரி?"

"அந்தப் பொண்ணு கட்டிதானே கேட்டுச்சு?"

"இன்னைக்குக் கட்டி கேப்பா, நாளைக்குக் கல்லு கேப்பா. என் பேரு போட்டு இப்படிக் குடுக்கவா?" தூவியதை வழித்து எடுத்தார். "கட்டி இருந்தா ரிஜெக்ட்."

சல்லடை வந்தது.

ஷாஹிரா இந்த முறை கடித்துக்கூடப் பார்க்கவில்லை. "சிரமப்பட்டீங்கக்கா," என்று சொல்லி டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அலமாரியில் மஃபின் இருந்தது. சீட்டில் நூருல் ஹுதா என்றிருந்தது. குமுதா ஒன்று வாங்கிவந்து மேசையில் வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மேலே முழுக்கக் கட்டி. சிவப்புப் புள்ளி ஒன்றை உரித்து மஃபினைச் சுற்றிய காகிதத்தில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

சுகுமாரன் காகிதத்தைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தார். மொறுமொறுப்புக் குளியலறைவரை கேட்டுவிடுமோ என்று மெதுவாக மென்றார்.