கண்ணாடியில் ஓடும் என் பேச்சு

கைடு வேலைக்குத் தொண்டைதான் முதல். வாத்தியார்கள், கண்டக்டர்கள், பேசியே பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கும் தெரியும்: எவ்வளவு கத்தினாலும் சிலருக்குப் போய்ச் சேராது. அதற்காக உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் சுற்றுலா அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கியது. காது கேட்காதவர்கள் போட்டுக்கொண்டால் நான் பேசுவது எழுத்தாகக் கண்ணெதிரே ஓடும். நிற்கிற இடம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்ற படமும் தெரியும்.

தெருப் பெயர்

முதலில் வந்தவர் சேலத்து பேங்க் ஊழியர். காய்ச்சலில் காது போனவர், பேச்சு நன்றாக வரும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு ‘ரூ’ என்ற பிரெஞ்சு வார்த்தை இன்னும் புழங்குகிறது. ‘ரூ சேன் லூயி’ என்று ஆரம்பித்து ஒவ்வொரு தெருவாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், ‘ரூ’ வந்த இடமெல்லாம் ‘ரூபாய்’ என்று ஓடியிருக்கிறது. தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியா காசு கட்டணுமா மேடம்?”

கோயில் மணி

மூலக்குளத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர், பிறவியிலேயே காது கேட்காதவர். சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மாதா கோயில் மணியை ஒருமுறை ‘கேட்க’ வேண்டும் என்று வந்தார். சத்தத்தை உடம்பில் அதிர்வாக மாற்றுகிற சட்டை ஒன்றும் எங்களிடம் உண்டு. அதைப் போட்டுவிட்டு, மத்தியான மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் நிறுத்தினேன்.

மணி அடிக்க ஆரம்பித்ததும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அப்படியே நின்றுவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. ஓய்ந்ததும் போனில் ஏதோ டைப் செய்து என்னிடம் நீட்டினார்:

“இவ்ளோ நேரமா அடிப்பாங்க? பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்.”

நாலு வார்த்தை

ரெட்டியார்பாளையத்துக்காரர் ஒருவர் தன் அப்பாவைக் கூட்டி வந்தார். லேத் பட்டறை இரைச்சலிலேயே காலம் தள்ளி, காது அடைத்துப்போன பெரியவர். கடற்கரையில் அவரை நிறுத்தி, அந்தக் காலத்தில் கப்பல் சரக்கு இறக்கிய பழைய பாலத்தின் படத்தைக் கண்ணாடியில் ஓடவிட்டேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் என் பக்கம் வந்து சன்னமாக, “அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது மேடம், பேருக்கு நாலு வார்த்தை சொல்லி முடிச்சிடுங்க” என்றார். கெட்ட மனிதரில்லை. அப்பாவை வெயிலில் நிறுத்துகிறோமே என்ற கவலை அவருக்கு. ஆனால் யார் பேசினாலும் அந்தக் கண்ணாடி எழுதிவிடும். பெரியவர் மெல்லத் திரும்பினார். மகன் முகம் செத்துப்போயிற்று. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை.

“வீட்ல எல்லாருமே எனக்குச் சுருக்கித்தாம்மா சொல்றாங்க. நீ முழுசா சொல்லு.”

காது நன்றாகக் கேட்கிறவர்களைக் கூட்டிப்போகிற நாட்களில் நான் என்ன உளறினாலும் யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் இப்போதெல்லாம் இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு.