இடைவேளைக்கான அட்டை

சினிமாவுக்குக் கதை பேச வருகிறவர்களுக்கு எங்கள் லாட்ஜில் மூலை அறையைத்தான் கொடுப்போம். அந்த அறையில் ஒரு பக்கச் சுவரில் ஜன்னலோ ஆணியோ கிடையாது. அதில்தான் அவர்கள் அட்டை ஒட்டுவார்கள். ஏற்காட்டில் குளிர் இருக்கிறது, தொந்தரவு இல்லை என்று வந்து, பத்து நாள் பதினைந்து நாள் தங்கி, டீயும் சிகரெட்டுமாகப் பேசித் தீர்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். அந்த அறைக்கு டீ கொண்டுபோவதும் அதைப் பெருக்குவதும் என் வேலை. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இன்னும் ரூம் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஒரு சின்ன வயசு டைரக்டர் வந்தார். கூட இரண்டு உதவியாளர்கள். எடுக்கப்போவது சிரிப்புப் படம். அதை எழுதுகிற இடமும் கலகலவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களைப் போல மூன்று பேரும் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரில் நாற்பதுக்கு மேல் அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு காட்சி. எதைக் கண்டாலும் பயப்படுகிற ஒரு மாப்பிள்ளை, மாமனாரின் மலை எஸ்டேட்டுக்கு வந்து மாட்டிக்கொள்கிற கதை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பெருக்கிக்கொண்டே ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டு போனேன். நடுவில் சிவப்பு மையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருந்தது. கோட்டின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

"என்னண்ணே பாக்கறீங்க?" என்றார் டைரக்டர்.

"இதுல ஒண்ணும் எழுதலீங்களே சார்."

"அதுதான் இடைவேளை. அது ஒண்ணுதான் கிடைக்க மாட்டேங்குது."

அவர் நல்ல மனுஷர். படிக்காதவன்தானே என்று விடாமல் எனக்கு விளக்கிச் சொன்னார். "காமெடின்னா வரிசையா ஜோக்கு சொல்றது இல்லண்ணே. ஒருத்தன் ஒண்ணைத் தப்பா நினைச்சுக்கணும். நினைச்சதை நம்பி ஒரு காரியம் பண்ணணும். கால்வாசிப் படத்துல அது அவனை வேற பக்கம் திருப்பி விட்டுடும். பாதியில, அதான் இந்த இடத்துல, இனிமே பழையபடி போக முடியாதுங்கற மாதிரி மாட்டிக்கணும். முக்கால்வாசியில எல்லாம் போச்சுன்னு ஆகணும்."

"அப்பறமுங்க?"

"அப்புறம் சரியாயிடும். சரியானாத்தாண்ணே காமெடி."

மறுநாளிலிருந்து டீ கொண்டுபோகும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து ஒரு காட்சியைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "நீங்க சிரிச்சா தியேட்டரே சிரிச்ச மாதிரிண்ணே," என்பார் டைரக்டர். யாராவது உற்றுப் பார்த்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"ஏண்ணே, சிரிச்சா ரூம் பில்லுல சேத்துருவாங்களா?" என்று ஒரு உதவியாளர் கிண்டல் செய்தார். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

ஐந்தாவது நாள் நல்ல பனி. பிற்பகல் மூன்று மணிக்கே ஏரி தெரியவில்லை. காலி அட்டை அப்படியே இருந்தது. டைரக்டர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "உங்க ஊர்ல இப்படி யாரும் எதையாவது பாத்துப் பயந்ததில்லையாண்ணே?" என்று கேட்டார்.

சொல்லாமல் பிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததும் இல்லை.

"எங்க அண்ணன் ஒருக்கா மரத்து மேல ஏறிக்கிட்டாருங்க," என்றேன்.

மஞ்சக்குட்டை ஊருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடும் காடும். அந்த வருஷம்தான் எங்கள் பக்கம் காட்டெருமை இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் விடிகாலை அண்ணன் காபித் தோட்டத்து வழியாக ரோட்டுக்குப் போனார். பத்தடிக்கு மேல் தெரியாத பனி. பாதிவழியில் செடிக்குள் கறுப்பாக, ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. ம்ம்ம் என்று சத்தம் வேறு. அண்ணன் மிளகு பறிக்கிறவர். பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடியைப் பிடித்து ஏறிவிட்டார். அது நகரவில்லை, இவரும் இறங்கவில்லை. இரண்டரை மணி நேரம். தேடிப்போன நான் வேறு பக்கமாக வந்ததால் அதை முதலில் கிட்டத்தில்தான் பார்த்தேன். எஸ்டேட்டுக்கு வாங்கிவரும்போது முந்தின நாள் டிராக்டரிலிருந்து உருண்டுவிட்ட தண்ணித் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக். காற்று அதன் வாயில் புகுந்து ம்ம்ம் என்றது. நான் கையால் தட்டினேன். டொம் என்றது. மேலேயிருந்து அண்ணன், "தொடாதடா, குத்திப்புடும்!" என்று கத்தினார்.

டைரக்டர் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். கிண்டல் செய்த உதவியாளர் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் ஒரு அறையையே நான் சிரிக்க வைத்தது அன்றைக்குத்தான். நெஞ்சு சூடாக இருந்தது.

டைரக்டர் காலி அட்டையை எடுத்து எழுதினார். மரம். தொட்டி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அவரு எதுக்குண்ணே அன்னைக்குப் போனாரு?" என்று கேட்டார்.

"சும்மா... பஸ் புடிக்கப் போனாருங்க."

"அது பத்தாதே," என்று அவர் உதவியாளர்களைப் பார்த்துத் திரும்பினார். "சும்மா போறவன் மரத்துல ரெண்டரை மணி நேரம் உக்காந்தா என்ன? நல்லா உக்காரட்டும். அவனுக்கு ஒரு அவசரம் இருக்கணும். அந்தப் பக்கம் நேரம் ஓடிட்டே இருக்கணும். அப்பத்தான் சிரிப்பு."

மூன்று பேரும் யோசித்தார்கள். ஒருவர் ரயிலைப் பிடிக்க என்றார். டைரக்டர் தலையாட்டவில்லை. மற்றவர் மாமனாருக்கு நெஞ்சுவலி என்றார். "அதுக்கு இவன் ஏன் பதறணும்?" என்றார் டைரக்டர். என் கையிலிருந்த டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கே வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பொண்டாட்டிக்குப் பிரசவ வலி," என்றார் கீழே உட்கார்ந்திருந்தவர். "ஜீப் கூட்டிட்டு வரப் போறான்."

"அதான்யா!" என்றார் டைரக்டர்.

"அது வேண்டாமுங்க," என்றேன்.

"ஏண்ணே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்லீங்க," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர்களாக யோசித்துக் கண்டுபிடித்ததுதான் உண்மை. அண்ணிக்கு அன்று வலி கண்டிருந்தது. ஜீப்புக்காகத்தான் அண்ணன் போனார். நான் மரத்தடியில் தொட்டியைத் தட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இறங்கிவந்த அண்ணனும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓடினது அதற்குப் பிறகுதான். ஜீப்போடு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரம்மா கையில் குழந்தை இருந்தது. அண்ணிக்கு ரத்தம் நிற்கவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, "இன்னும் ஒரு மணி நேரம் முன்னால வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அண்ணன், "ஜீப்பு கெளம்புலீங்க," என்றார். அதையேதான் குப்பனூரில் அண்ணியின் அப்பா அம்மாவிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தக் குழந்தையை நானும் என் மனைவியும் சேர்ந்துதான் வளர்த்தோம். இப்போது இருபத்திரண்டு வயது. ஏரிப் பக்கம் தைலம் விற்கிற கடையில் வேலை. தன் அம்மாவைக் கொன்றது கிளம்பாத ஜீப் என்று கேட்டு வளர்ந்தவள். மழையில் நனைந்துகொண்டு நின்றாலும் பஸ்ஸுக்குத்தான் நிற்பாள். ஷேர் ஜீப்பில் இன்றுவரை கால் வைத்ததில்லை. "அந்த டிரைவரு மட்டும் யாருன்னு தெரியணும் சித்தப்பா," என்று ஒருமுறை சோறு தின்றுகொண்டே சொன்னாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்தார்கள். ஏரியில், பஜாரில், ஒரு எஸ்டேட்டில். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன வருஷம் படம் வெளியே வந்தது. "நம்ம ஊர்ல எடுத்த படமுங்க சித்தப்பா, நொம்ப சிரிப்பா இருக்குதாமா. அப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்," என்று அண்ணன் மகள் பிடிவாதமாக நின்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அண்ணன், "வேல கெடக்குது, வாடா," என்றார். அவரைத் தனியாக அவள் பக்கத்தில் உட்காரவிடவும் எனக்குப் பயம்.

சேலத்தில் பகல் காட்சி. அண்ணன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். படம் தொடங்கியதும் தியேட்டர் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கு அட்டைகள்தான் தெரிந்தன. மாப்பிள்ளை பஸ்ஸில் வாந்தி எடுப்பது மூன்றாவது. குளியலறையில் ரத்தம் உறிஞ்சுகிற அட்டைப்பூச்சி மேலே விழுவது ஒன்பதாவது. மாமனாரின் நாயைக் கும்பிடுவது பதினான்காவது. ஒவ்வொரு சிரிப்புக்கும் சிவப்புக் கோடு கிட்டே வந்துகொண்டிருந்தது. டைரக்டர் அதை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சினிமாவில் எவ்வளவோ மாற்றுகிறார்கள். பத்தொன்பதாவது அட்டையில் மாப்பிள்ளையின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து திரை முழுக்கப் பனி வந்தது.

காபிச் செடிக்குள் கறுப்பாக ஒன்று. ம்ம்ம் என்ற சத்தம் தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. நடிகர் சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்து ஏறினார், வழுக்கினார், ஏறினார். ஜனங்கள் சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள். மகள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தேன். முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. மரத்தில் அவரை நான் கண்ட அன்றும் அப்படித்தான் இருந்தார்.

இடைவேளை என்று எழுத்து வந்தது. விளக்குப் போட்டார்கள். மகள் பாப்கார்ன் வாங்கப் போனாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும்," என்றார் அண்ணன். திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தெரியாமச் சொல்லிப்போட்டனுங்கண்ணா. சிரிச்சாங்க... சொல்லிட்டன்."

"அவன் எதுக்குப் போறான்னும் சொல்லிட்டியா?"

"இல்லீங்கண்ணா. அது அவங்களா வச்சது."

"அவங்களா," என்றார்.

நான் சொன்ன ஒரே நிஜம் அது. என் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது. அண்ணன் முன் சீட்டிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு, "கடைசியில அந்தப் புள்ள என்னாகுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. நல்லா இருப்பா."

மகள் வந்து பாப்கார்னை நீட்டினாள். "ஏனுங்கப்பா, நீங்க சிரிக்கவே இல்லியே?"

"சிரிச்சேன் சாமி," என்றார். "உனக்குத் தெரியாது."

இரண்டாம் பாதியில் மாப்பிள்ளை இறங்கி ஓடினார். ஜீப் கூட்டிவர மறந்து வீட்டுக்கே ஓடினார். வீட்டு வாசலில் மனைவி ஒரு கையில் குழந்தையும் மறுகையில் கரண்டியுமாக நின்று அவரை வைதாள். ஜனங்கள் கை தட்டினார்கள். அண்ணன் அந்தப் பெண்ணைக் கண் கொட்டாமல் பார்த்தார். அவள் அவரைத்தான் வைகிறாள் என்பது போலப் பார்த்தார். "நல்லா வையுது," என்று மெதுவாகச் சொன்னார்.

சாயங்கால பஸ்ஸில் நானும் அண்ணனும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். மகளுக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. அவளுக்கு இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தாள்.

"தண்ணித் தொட்டியப் பாத்துட்டு எவனாச்சும் பொண்டாட்டிய வுட்டுப்போட்டு மரத்துல உக்காந்திருப்பானாங்கப்பா? அவ்ளோ கிறுக்கன் எங்க இருக்கறான்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது அவள் பக்கத்தில் இருந்தவர் இறங்கினார். அண்ணன் எழுந்தார்.

"அண்ணா," என்று அவர் சட்டையைப் பிடித்தேன். "வேண்டாமுங்கண்ணா. அது முடிஞ்சு போனது."

"பாதிதாண்டா முடிஞ்சிருக்குது," என்று என் கையை எடுத்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

பஸ் ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மொத்தம் இருபது. முதல் வளைவில் அண்ணனின் தலை மகள் பக்கம் சாய்ந்தது. என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது வளைவில் அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது. இன்னும் படத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். ஏழாவதில் சிரிப்பு நின்றது. எட்டு, ஒன்பது, பத்து. இரண்டு தலையும் அசையவில்லை. அதற்குமேல் பனி இறங்கியிருந்தது. டிரைவர் விளக்கைப் போட்டார். பலகைகள் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தன.

பதின்மூன்றாவது வளைவில் அவள் திரும்பினாள். பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்க்கவில்லை. சீட்டின் மேல் கையை வைத்து, முழுசாகத் திரும்பி, என்னைப் பார்த்தாள்.

அண்ணன் எதுவரைக்கும் சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மரத்தோடு நிறுத்தினாரா, மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததையும் சொன்னாரா, லாட்ஜில் நான் சிரிக்க வைத்ததையும் சேர்த்தே சொன்னாரா? அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடு வருவதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் ஏழு வளைவு இருந்தது.