பல்வலிக்காரனின் வாக்குமூலம்

எங்கள் மலையூர் செகோபேக்கு ஆட்டைத் தவிர வேறெதையும் அதட்டத் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் கடைவாய்ப் பல் அவனை ஆட்டி வைத்தது. கன்னம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. பனி விழுந்து கணவாய் அடைபட்டதால் டவுனுக்குப் போகும் லாரியும் நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பளி வியாபாரி தாவொலே பள்ளத்தாக்கில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அவர் போர்த்தியிருந்த புதுப் போர்வையைக் காணோம். தலைநகர் மசேருவிலிருந்து இன்ஸ்பெக்டர் லெபோனாவும் பெண் சார்ஜென்ட் பலேசாவும் சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஜீப்பில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாள் விசாரித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செகோபே ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நேரே போய் நின்றான்.

"ஐயா, நான்தான் கொன்னேன். கூட்டிட்டுப் போங்க."

"எதால அடிச்சே?" என்றார் லெபோனா.

"கல்லால."

"எந்தக் கல்லு?"

"மலை பூரா கல்லுதானேய்யா. எதைன்னு காட்டுவேன்?"

லெபோனா அவன் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "செத்தவன் திருப்பி அடிச்சானா?"

"ஆமாய்யா. நல்லா குடுத்தான்," என்றான் செகோபே.

அவன் மனைவி மாலினேயோ ஓடி வந்தாள். "இவரா கொலைகாரரு? கோழி அறுக்கச் சொன்னாலே கண்ணை மூடிக்குவாரும்மா," என்று பலேசாவிடம் முறையிட்டாள். பலேசாவுக்கும் சந்தேகம்தான். ஆனால் லெபோனாவுக்குக் குளிர் எலும்பு வரை ஏறியிருந்தது. விலங்கு மாட்டி ஏற்றிக்கொண்டார்.

டவுனில் கைதியை அடைப்பதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. டாக்டர் பல்லைப் பிடுங்கினார். செகோபே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இப்ப உண்மையைச் சொல்லட்டுங்களா? நான் யாரையும் கொல்லலை," என்றான்.

 பொய் சொன்னதற்காக லெபோனா அவனைக் கம்பிக்குள் தள்ளினார்.

இங்கே ஊரில், ஆள் பிடிபட்டுவிட்டான் என்ற தைரியத்தில், தெஃபோ என்பவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒரு புதுப் போர்வை போர்த்தி வந்தான். தாவொலேயின் மனைவி பின்வரிசையில் இருந்தாள். அந்தப் போர்வையில் புருஷனின் சுருட்டு நெருப்பு போட்ட ஓட்டையைத் தன் கையால் தைத்தவள் அவள். பாட்டு நடுவில் எழுந்துபோய் அவன் பிடரியைப் பிடித்தாள். போர்வைக்கு ஆசைப்பட்டு அடித்ததாகத் தெஃபோ அங்கேயே அழுதான்.

நிரபராதியைப் பிடித்துக் குற்றவாளியை அசர வைத்த தந்திரம் என்று மேலதிகாரிகள் லெபோனாவைப் புகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. பிறகு செகோபே மேல் எப்படி வழக்குப் போடுவது? விட்டுவிட்டார்.

பாதி மலை நடந்து அவன் வீடு வந்தபோது, மூலையில் சோளமாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. புருஷன் ஜெயிலுக்குப் போனவள் என்று ஊரே இரக்கப்பட்டுக் கொடுத்தவை. எல்லாவற்றையும் இனித் திருப்பித் தர வேண்டும்.

மாலினேயோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வந்திருக்கக் கூடாதா?"