லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் நின்ற பூ

எங்கள் குடியிருப்பு லிஃப்ட் மெக்கானிக்குக் கடவுள் காட்சி கொடுத்துவிட்டாராம். கையில் பூவோடு அரை மணி நேரம் சிலையாக நின்றாராம், கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீராம். பேச்சு மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் அரை மணி ஒரு மணியாகிவிட்டது. ஐந்தாம் மாடியில் மனிதர் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதந்துகொண்டிருந்தார். நல்லவேளை, கட்டடத்துக்கு ஐந்து மாடிதான்.

உண்மையை என்னிடம் கேளுங்கள். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றவன் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்த்தளக் கூடத்தில் நூற்றெட்டுப் பெயர் சொல்லி அர்ச்சனை செய்வோம். தையல்கடைக்காரர் ஒவ்வொரு பெயராக வாசித்து அர்த்தமும் சொல்வார். பெயருக்கு ஒரு பூ. கடைசி இருபது பெயர் வரும்போது அவர் வாய் ஓடுகிற வேகத்தில் அவருடைய மெஷினே தோற்றுவிடும். மெக்கானிக்கின் மனைவிக்கு மூன்றாவது பெயரிலேயே கண் கலங்கிவிடும். இவருக்கோ கல்யாணமான பதினெட்டு வருடத்தில் ஒரு சொட்டு வந்ததில்லை. வீட்டில் அதுதான் தீராத வழக்கு.

"உங்களுக்கு மூளைதான் இருக்கு, பக்தி இல்ல. அந்த மூளைய செருப்போட வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்களேன்!"

"செருப்பு தொலஞ்சா வேற வாங்கிக்கலாம்டி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் உள்ளுக்குள் குடைச்சல். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டே விட்டார். "ஏம்ப்பா, யோசிச்சுக்கிட்டே கும்பிட்டா அது பக்தியில சேராதா?"

எட்டாவதைத் தாண்டாத என்னிடம் கேட்கிற கேள்வியா இது? "சேரும்ண்ணே, கொஞ்சம் லேட்டாப் போய்ச் சேரும்" என்று தப்பித்துக்கொண்டேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்றாவது பெயர் வந்தது. "தான் அசையாமல் எல்லாவற்றையும் அசைப்பவர்" என்று அர்த்தம் சொன்னார் தையல்கடைக்காரர். எல்லாரும் பூவைப் போட்டோம். மெக்கானிக்கின் கை மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது. நாங்கள் நூற்றெட்டையும் முடித்துக் கற்பூரம் காட்டியதில் கூடமே புகையாகிவிட்டது. அவர் இமைகூடக் கொட்டவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. மனைவி திரும்பிப் பார்த்து, "ஐயோ, என்னங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மருந்துக்கடை அம்மா பொத்தென்று மெக்கானிக்கின் காலில் விழுந்துவிட்டார். அப்புறம் யார் அவரை வாய் திறக்க விட்டார்கள்?

அந்த வாரம் முழுக்க வீட்டில் ராஜ உபசாரம். கேட்காமலே டீ வந்தது. மனைவி யார் வந்தாலும், "இவரப் போய் நான் எவ்வளவு பேசிட்டேன்" என்று உருகினார்.

"பதினெட்டு வருஷத்துல இப்பத்தாம்பா என்னப் பாத்து அவ முகம் மலருது. உண்மையச் சொன்னா வாடிருமே!" என்றார் என்னிடம்.

"அப்ப சொல்லாதீங்க. டீயாவது நேரத்துக்கு வரும்" என்றேன். நான் இந்த மாதிரி நல்ல யோசனைதான் சொல்வேன்.

நேற்றும் அர்ச்சனை. சாமிக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். "அண்ணன் அவரோட அனுபவத்த நமக்கெல்லாம் சொல்லணும்" என்றார் தையல்கடைக்காரர். முன்வரிசையில் மனைவி, இப்போதே முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. மெக்கானிக் எழுந்தார். மனைவியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அனுபவமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கண்ணு கலங்குனது புகையில. முப்பது வருஷமா லிஃப்ட் பாக்குறேன். மேல மோட்டார் சுத்தாம கீழ பெட்டி நகந்து நான் பாத்ததே இல்ல. இந்தச் சாமி மட்டும் எப்படி அசையாம அசைக்கிறாருன்னு யோசிச்சிட்டு நின்னேன். இன்னும் பிடிபடல. புரிஞ்ச மாதிரி பூவப் போட்டு அவர ஏமாத்த எனக்குக் கை வரல. இங்க பாருடி, எனக்கு அழுகை வராது. நான் கும்புடுறது இப்படித்தான்."