கப்பல் ஏறாத கதவு

கொல்கத்தாவில் டாலிகஞ்சில் நான் கட்டும் வீட்டுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஜன்னல், சுவரில் விட்டிருந்த இடத்தில் நுழையவில்லை. பெங்காலி மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார்.

அன்று மாலை வெளிநாட்டிலிருந்து தங்கை பேசினாள். சூரியனில் நடப்பதுபோல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று காட்ட, பல நாடுகள் சேர்ந்து கட்டும் உலையில் அவள் பொறியாளர்.

"இங்கயும் ஒரு நாட்டுப் பாகம் இன்னொரு நாட்டுப் பாகத்தோட சேராம வெறுத்துப் போகுதுண்ணா. ஆனா யார் தப்புன்னு கத்தமாட்டோம். கத்தினா அடுத்த தப்பை மறைச்சிடுவாங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் மறுநாள் மேஸ்திரியிடம் அண்ணன் முறை வைத்து இந்தியில், "போனது போகட்டும் தாதா. வேற ஏதாவது கட்பட், கோளாறு இருக்கா?" என்று கேட்டேன்.

"பாபு, வாசல் கதவு... வோ பீ நஹி பைட்டேகா," என்றார் தயங்கியபடி. அதுவும் பொருந்தாதாம்!

தலையில் அடித்துக்கொண்டேன். சென்னையில் அந்தக் கதவு இன்னும் கப்பல் ஏறவில்லை. நான் இன்னொரு முறை கத்தியிருந்தால் ஏறியிருக்கும்.